பெரிய மோட்டார் ஹோமை மலைச்சாலையில் ஓட்டும்போது: அறிகுறி பார்த்துக் கோளாறு தீர்க்கும் வழி

பத்து டன் எடையுள்ள மோட்டார் ஹோம் (படுக்கை, சமையல் வசதியோடு வீடு போல் அமைந்த வண்டி) 500 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் 165 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே வண்டியை அடுத்தடுத்து 35 முறை நிறுத்தினால் எவ்வளவு சூடு பிறக்குமோ, அவ்வளவு. இந்தச் சூடு எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். இன்ஜின் வழியாகவும் காற்றின் எதிர்ப்பிலும் கொஞ்சம் வெளியேறும். மிச்சம் முழுவதும் பிரேக்கின் தலையில்தான் விழும். ஏறும்போதும் இதே கதைதான், அங்கே சூட்டைச் சுமப்பது ரேடியேட்டரும் கியர்பெட்டியும்.

அதனால் கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவை பழுதான பாகத்தின் குறையாக இருப்பதைவிட, அந்தச் சரிவுக்குப் பொருந்தாத வேகத்தின் குறையாகவே இருக்கும். முதல் மருந்து எப்போதும் வேகத்தைக் குறைப்பதுதான். பாகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் இதை நீங்கள் மட்டும் படிக்காமல், பக்கத்து இருக்கையில் வருபவரையும் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். ஓட்டுகிறவர் சாலையில் மூழ்கியிருக்கும்போது வாசனையையும் சத்தத்தையும் முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

ஏற்றத்தில் வெப்பமுள் மேலே போகிறது

முள் வழக்கமான இடத்தைவிட்டு நகர ஆரம்பித்ததுமே செயல்பட வேண்டும். சிவப்புக் கோட்டைத் தொடும்வரை காத்திருந்தால் உங்கள் கையில் இருக்கும் வழிகள் பாதியாகிவிடும்.

முதலில் ஏசியை நிறுத்துங்கள். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஒரு கியர் கீழே இறக்குங்கள். இன்ஜின் சத்தம் கூடுவதைக் கேட்டுப் பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் மேல் கியரில் முக்கி முக்கி ஏறுவதுதான் இன்ஜினுக்குக் கெடுதல். கீழ் கியரில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) கூடும்போது தண்ணீர் பம்பு வேகமாகச் சுற்றும், இன்ஜினோடு இணைந்த விசிறியும் வேகமாகச் சுற்றும், ஒவ்வொரு சுற்றிலும் இன்ஜின் தூக்க வேண்டிய சுமையும் குறையும். வேகத்தைக் குறைப்பதால் கிடைக்கும் பலனைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்: அதே பத்து டன் வண்டி 7 சதவீத ஏற்றத்தில் 50 கிலோமீட்டர் வேகத்தில் ஏறச் சரிவுக்கு மட்டுமே ஏறக்குறைய 95 கிலோவாட் வேண்டும். 30 கிலோமீட்டர் வேகத்தில் 57 கிலோவாட் போதும்.

அப்படியும் முள் இறங்கவில்லையா? முன்பக்க ஹீட்டரை முழுச் சூட்டில், முழு விசிறியில் போடுங்கள். வண்டிக்குள் வேர்த்துக் கொட்டும், ஆனால் அது கூடுதலாக ஒரு சின்ன ரேடியேட்டர் மாதிரி வேலை செய்யும். அதுவும் போதவில்லை என்றால் அகலமான இடம் பார்த்து ஒதுக்கி, இன்ஜினை அணைக்காமல் சற்றே கூடுதல் ஆர்பிஎம்மில் சில நிமிடம் ஓடவிடுங்கள். டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) உள்ள இன்ஜினை ஏறிய சூட்டோடு டக்கென்று அணைப்பது எப்படியும் நல்லதல்ல.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அடியிலிருந்து ஆவி கிளம்பினாலோ, கூலன்ட் ஒழுகினாலோ, கொதிநிலையில் இருந்த முள் காரணமே இல்லாமல் சட்டென்று கீழே விழுந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். முள் விழுவதைப் பார்த்து ஆறிவிட்டது என்று நினைக்கக் கூடாது. தண்ணீர் போய்விட்டதால் சென்சார் வெறும் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கலாம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். 2000 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். உள்ளே இருப்பதைக் கொதிக்காமல் பிடித்து வைத்திருப்பது அந்த மூடியின் அழுத்தம்தான்.

இன்ஜின் பின்பக்கம் இருக்கும் டீசல் வண்டியில் இந்தத் தொந்தரவு அடிக்கடி வந்தால், ரேடியேட்டரின் இன்ஜின் பக்க முகத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். இன்ஜினின் மூச்சுக்குழாயிலிருந்து வரும் எண்ணெய்ப் புகையும் பின்சக்கரப் புழுதியும் சேர்ந்து அங்கே கம்பளிபோல் அடைத்திருக்கும். வெளிமுகம் பளிச்சென்று இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதவர் குறைவு. எண்ணெய் நீக்கும் திரவம் தெளித்து ஊறவிட்டு, மெல்லிய அழுத்தத் தண்ணீரில் கழுவுங்கள். அதிக அழுத்தம் கொடுத்தால் தகடுகள் மடிந்து மேலும் அடைத்துக்கொள்ளும்.

மிதித்தும் வண்டி இழுக்கவில்லை

டர்போ இல்லாத இன்ஜின் என்றால் முதலில் உயரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தி போகும். 2000 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போவது இயல்பு, கோளாறு அல்ல. டர்போ டீசலில் இவ்வளவு இழப்பு தெரியக் கூடாது. தெரிந்து, கூடவே கரும்புகையும் வந்தால் காற்று போதவில்லை என்று பொருள்: காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஓர் ஓஸ் கழன்றிருக்கலாம் (சீறும் சத்தம் கேட்கும்). புகையே இல்லாமல் திணறினால் டீசல் வடிகட்டியைச் சந்தேகப்படுங்கள். சமதரையில் அது தாக்குப்பிடிக்கும், ஏற்றத்தில்தான் காட்டிக்கொடுக்கும்.

கியர் மேலும் கீழும் மாறிக்கொண்டே இருக்கிறது

பல ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிகளுக்குச் சரிவு தெரியாது, அவை வேகத்தையும் மிதியையும் வைத்துத்தான் முடிவெடுக்கும். ஒவ்வொரு மாற்றமும் எண்ணெயைச் சூடாக்கும். சுமை இழுக்கும் பயன்முறை இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் கீழ் கியரைக் கையால் தேர்ந்து பூட்டிவிடுங்கள். குரூஸ் கண்ட்ரோலை மலை தொடங்கும் முன்பே அணைத்துவிட வேண்டும். கொண்டை ஊசி வளைவின் நடுவில் அது ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிடும்.

இறக்கத்தில் கீழ் கியரில் இருந்தும் வேகம் கூடுகிறது

இதற்கு ஒரே பொருள்தான்: இன்னும் கீழே ஒரு கியர் தேவைப்பட்டிருக்கிறது. ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வார்கள். அது பழைய வண்டிக்குச் சரி. இன்றைய இன்ஜின்கள் உயர்ந்த கியரிலேயே ஏறிவிடும் அளவுக்குச் சக்தி கொண்டவை. ஏறின கியரில் இறங்கினால் பல நேரம் போதாது, ஒரு கியராவது குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு விஷயம், டீசல் இன்ஜின் ஆக்ஸிலரேட்டரை விட்டால் பெட்ரோல் இன்ஜின் அளவுக்கு வண்டியைப் பிடிக்காது. பெட்ரோல் இன்ஜினில் காற்று வரும் வழியை த்ராட்டில் அடைக்கிறது, அதை எதிர்த்துப் பிஸ்டன் இழுப்பதுதான் பிடிமானம். டீசலில் பெரும்பாலும் அந்த அடைப்பு கிடையாது. அதனால்தான் தனியாக, புகை வெளியேறும் வழியை அடைத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கோ, அழுத்திய காற்றை வால்வு திறந்து வெளியேற்றும் இன்ஜின் பிரேக்கோ, கியர்பெட்டியில் எண்ணெயின் எதிர்ப்பால் பிடிக்கும் ரிட்டார்டரோ வைக்கிறார்கள். முதல் இரண்டும் ஆர்பிஎம் கூடக்கூட நன்றாகப் பிடிக்கும். 1200 ஆர்பிஎம்மில் எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்யவில்லை என்று குறைசொல்லிவிட்டு, கியர் இறக்கியதும் அது ஒழுங்காகப் பிடிப்பதைப் பார்த்து வியந்தவர்கள் உண்டு. சாலை ஈரமாகவோ பனியாகவோ இருந்தால் மட்டும் இவற்றை அணைத்துவையுங்கள். இவை பிடிப்பது இன்ஜின் ஓட்டும் சக்கரங்களை மட்டுமே, வளைவில் அவை வழுக்கினால் வண்டியின் பின்பகுதி திரும்பிவிடும்.

சரி, இப்போது வேகம் கூடிக்கொண்டிருக்கிறது, என்ன செய்வது? பிரேக்கை உறுதியாக மிதித்து, கீழ் கியர் ஏற்கும் அளவுக்கு வேகத்தைக் குறைத்து, அதன்பிறகு கியரை மாற்றுங்கள். வேகம் அதிகமாக இருக்கும்போது நெம்புகோலை இழுத்தால் ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி கட்டளையை வாங்கி வைத்துக்கொள்ளுமே தவிர உடனே மாறாது. இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு: ஆர்பிஎம் எல்லை தாண்டினால் சில கியர்பெட்டிகள் இன்ஜினைக் காப்பாற்றத் தாமாகவே மேல் கியருக்குப் போய்விடும். அந்த நொடியில் இன்ஜினின் பிடி கைவிட்டுப் போகும். அதனால் ஆர்பிஎம் முள்ளைச் சிவப்புக்கு நெருங்கவே விடாதீர்கள்.

கைக் கியர் வண்டியில் நியூட்ரலுக்கு வந்து கீழ் கியர் விழாமல் போவது பெரிய ஆபத்து. கியரை உச்சியிலேயே, மெதுவாக இருக்கும்போதே தேர்ந்துவிடுங்கள். எரிபொருள் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவதை யார் சொல்லிக்கொடுத்தாலும் கேட்காதீர்கள்.

பிரேக் வாசனை வருகிறது

கருகின ரப்பரும் சூடான இரும்பும் கலந்த மாதிரி ஒரு நெடி. ஒருமுறை நீண்ட இறக்கத்தில் எனக்கு இந்த நெடி வந்தபோது, முன்னால் போன லாரியிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். லாரி ஒதுங்கி வழிவிட்டுப் போன பிறகும் நெடி போகவில்லை. அது என் வண்டியிலிருந்துதான் வந்தது. அந்தத் தப்பான ஊகத்தில் நான் இழந்தது இரண்டு கிலோமீட்டர். அதன்பிறகு நெடி யாருடையது என்று நான் யோசிப்பதே இல்லை, என்னுடையது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

உடனே செய்ய வேண்டியது: அடுத்த அகலமான இடத்தில் நிறுத்துங்கள். சரிவு குறைவாக இருக்கும் இடமாகப் பாருங்கள். சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். பின்சக்கர டிரம்மில் வேலை செய்யும் ஹேண்ட் பிரேக்கைச் சூட்டோடு இழுத்து இறுக்குவது நல்லதல்ல, கட்டைகளை நம்புங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சிவக்கச் சூடான இரும்பு வெடிப்பு விடும். அரைமணி நேரமாவது நிற்க வேண்டும். கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் அனல் அடிக்கக் கூடாது, அதுவரை கிளம்பாதீர்கள்.

கிளம்பும்போது முன்பைவிட ஒரு கியர் குறைவாக, முன்பைவிட மெதுவாகக் கிளம்புங்கள். 6 சதவீத இறக்கத்தில் பத்து டன் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் ஏறக்குறைய 98 கிலோவாட் சூடு பிறக்கும், 30 கிலோமீட்டரில் அதில் பாதி. மொத்த ஆற்றல் ஒன்றுதான். ஆனால் ஆறுவதற்கு இரண்டு மடங்கு நேரம் கிடைக்கிறது, இன்ஜின் சுமக்கும் பங்கும் கூடுகிறது.

பிரேக்கைப் பயன்படுத்தும் முறையும் முக்கியம். லேசாகத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்காதீர்கள். உங்களுக்கு 40 கிலோமீட்டர்தான் பாதுகாப்பான வேகம் என்றால், 40ஐத் தொட்டதும் அழுத்தமாக மிதித்து மூன்று விநாடியில் 32க்குக் கொண்டுவந்து முழுவதுமாக விட்டுவிடுங்கள். மீண்டும் 40 வந்ததும் திரும்ப அதே மாதிரி. கனரக வண்டி ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தரும் முறை இது. விட்டுவிடும் இடைவெளியில் எல்லாச் சக்கரங்களுக்கும் காற்று கிடைக்கும். அழுத்தமாக மிதிப்பதால் எல்லா பிரேக்குகளும் சேர்ந்து வேலை செய்யும். லேசான மிதியில் சில சக்கரங்கள் மட்டுமே சுமை தாங்கிக் கருகும். இப்படி மிதிக்க வேண்டி வருவது வரவர அடிக்கடி ஆகிறதென்றால் கியர் தப்பு.

பெடலின் குணம் மாறிவிட்டது

இதில் நான்கு வகை உண்டு. காலுக்கு அடியில் அவை வேறுவேறு மாதிரி தெரியும், சிகிச்சையும் வேறு. நின்று நிதானமாகப் படித்து மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெடல் கெட்டியாக இருக்கிறது, வழக்கமான உயரத்தில் நிற்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை. பேட் அல்லது லைனிங் சூட்டில் பிடிப்பை இழந்துவிட்டது. ஆறினால் திரும்பி வரும். அதுவரை இன்ஜினும் கியரும்தான் துணை.

பெடல் பஞ்சு மாதிரி ஆகித் தரைவரை போகிறது. பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகிவிட்டது. திரவத்தை அழுத்தினால் சக்கரத்துக்குப் போகும், ஆவியை அழுத்தினால் சுருங்குமே தவிரப் போகாது. படபடவென்று திரும்பத் திரும்ப மிதித்தால் கொஞ்சம் அழுத்தம் கிடைக்கலாம், அதை வைத்து நிறுத்திவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140 ஆகக் குறையலாம். டாட் 4க்கு 230, ஈரத்தில் 155. வருடத்தில் பாதி நாள் நிறுத்தியே வைத்திருக்கும் மோட்டார் ஹோமில் ஓடின தூரத்தைப் பார்த்து ஆயில் மாற்றுவது பொருந்தாது, காலத்தைப் பார்த்து மாற்ற வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பது என் வழக்கம்.

பெடல் கல் மாதிரி இறுகிவிட்டது, முழு எடையையும் போட்டு மிதித்தால்தான் பிடிக்கிறது. மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரின் உதவி போய்விட்டது. கூடவே ஸ்டியரிங்கும் கனத்துவிட்டதா என்று பாருங்கள். சில வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கும் பவர் ஸ்டியரிங்குக்கும் ஒரே ஹைட்ராலிக் பம்புதான். இரண்டும் சேர்ந்து போனால் பெல்ட், பம்பு, எண்ணெய் ஒழுக்கு இந்த மூன்றில் ஒன்று, அல்லது இன்ஜின் நின்றுவிட்டது. பூஸ்டரில் ஓரிரு மிதிக்கு மட்டும் அழுத்தம் சேமித்திருக்கும். அதைத் திரும்பத் திரும்ப மிதித்து வீணாக்காமல், ஒரே மிதியாக மிதித்து நிறுத்துங்கள்.

ஏர் பிரேக் வண்டியில் காற்றழுத்த முள் இறங்கிக்கொண்டே வருகிறது. அடிக்கடி மிதித்துவிடுவதால் கம்ப்ரசர் நிரப்பும் வேகத்தைவிடச் செலவு கூடிவிட்டது. பல வண்டிகளில் 60 பிஎஸ்ஐ அளவில் எச்சரிக்கை மணி அடிக்கும். மணிக்காகக் காத்திருக்காதீர்கள். மேலும் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகவே இறுகிவிடும், எங்கே நிற்பது என்பதை அப்போது நீங்கள் முடிவு செய்ய முடியாது. டிரம் சூட்டில் விரிந்து லைனிங்கைவிட்டு விலகுவதும் இதோடு சேர்ந்துகொள்ளும், பிரேக்கை இயக்கும் தள்ளுதண்டு நீளமாக நகர வேண்டிவரும். அட்ஜஸ்ட்மென்ட் சரியில்லாத பிரேக் மலையில்தான் கைவிரிக்கும், மலை ஏறும் முன் சரிபார்த்துவிடுங்கள்.

பிரேக் சுத்தமாகப் பிடிக்கவில்லை

கியரில் இருங்கள், நியூட்ரலுக்குப் போகாதீர்கள், இன்ஜினை அணைக்காதீர்கள். ஹார்னும் விளக்கும் போட்டு எச்சரியுங்கள். நிறுத்துவதற்கான சரளைத் தளம் சாலையோரம் வந்தால் தயங்காமல் ஏறிவிடுங்கள். தடிமனான சரளையில் சக்கரம் புதைந்து வண்டி நிற்கும். வெளியே எடுக்க இழுவை வண்டி வேண்டியிருக்கும், அடிப்பாகம் கொஞ்சம் அடிபடும். அந்த இரண்டையும் நினைத்துத் தாண்டிப் போனவர்களுக்கு அடுத்த வளைவு காத்திருந்தது. இறங்கத் தொடங்கும் முன்பே அவை எந்தெந்தக் கிலோமீட்டரில் இருக்கின்றன என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தளமே இல்லாத சாலையில் மேடான பக்கப் பாதை, மண் மேடு, மலைச்சுவரின் பக்கம் உரசுவது என்ற வரிசையில் யோசியுங்கள். பள்ளத்தின் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது, அல்லது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

நிறுத்தும் ஒவ்வொரு முறையும் தூர நின்று வெப்பம் காட்டும் துப்பாக்கி வடிவ தெர்மாமீட்டரால் எல்லாச் சக்கரங்களையும் அளந்து பாருங்கள். எத்தனை டிகிரி என்பதைவிட இடதும் வலதும் ஒத்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒன்று மட்டும் தனித்துச் சூடாக இருந்தால் காலிப்பர் (பேட்களை அழுத்தும் பாகம்) சிக்கியிருக்கும் அல்லது பேரிங் போகிறது. மிதிக்காமலே சூடாகிறதென்றால் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தாலும் கோளாறுதான், அந்தச் சக்கரத்தில் பிரேக் வேலை செய்யவில்லை, மற்றவை அதன் சுமையையும் சுமக்கின்றன.

கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் ஓரத்தில் ஏறுகிறது

நீளமான வண்டியில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டும். இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 6 மீட்டர் இருந்து, முன்சக்கரம் 12 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் பின்சக்கரம் ஏறக்குறைய 1.6 மீட்டர் உள்ளே போகும். அதனால் வளைவுக்குள் நேராகக் கொஞ்சம் கூடுதலாகப் போய், உங்கள் இருக்கை வளைவின் முனையைத் தாண்டிய பிறகே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். முன்சக்கரம் உங்களுக்குப் பின்னால் இருக்கும் வண்டியில் இது இன்னும் தாமதமாக வர வேண்டும். உள்பக்கக் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று நடக்கும்: பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் உடம்பு வெளிப்பக்கம் வீசும். பாறைச் சுவரை ஒட்டி நின்றுவிட்டுக் கிளம்பும்போது பின்மூலை உரசுவது இதனால்தான்.

எதிர்த்தடத்தைத் தொடாமல் திரும்ப முடியாத வளைவு என்றால் நிறுத்தி, எதிரே யாரும் இல்லை என்பதை ஒருவர் இறங்கிப் பார்த்துச் சொன்ன பிறகு திரும்புங்கள். பின்னால் காரைக் கட்டி இழுத்து வருகிறீர்களா? நான்கு சக்கரமும் தரையில் ஓட வரும் காரோடு பின்னோக்கி எடுக்கவே முடியாது, அதன் முன்சக்கரங்கள் குறுக்கே திரும்பிக்கொள்ளும். இறுக்கமான சாலை என்று தெரிந்தால் அடிவாரத்திலேயே கழற்றி, இன்னொருவர் ஓட்டி வரட்டும்.

வளைவில் வண்டி சாய்கிறது, அலமாரிகள் திறந்துகொள்கின்றன

30 கிலோமீட்டரில் எடுத்த வளைவை 40இல் எடுத்தால் பக்கவாட்டு விசை 1.8 மடங்காகிவிடும், பத்து கிலோமீட்டர்தானே என்று தோன்றும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே நிலையாகப் போய், வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை மிதியுங்கள். தண்ணீர்த் தொட்டியைப் பாதியாக வைக்காதீர்கள், ஒன்று நிரப்புங்கள், இல்லை காலி செய்யுங்கள். பாதித் தொட்டியில் தண்ணீர் அலைபாய்வது வளைவு முடிந்தபிறகும் வண்டியை ஆட்டும். கனமான சாமான்களை மேல் அலமாரியிலிருந்து தரைமட்டத்துக்கு இறக்குங்கள். இவ்வளவும் செய்தும் சாய்வு கூடுதலாக இருந்தால் ஷாக் அப்சார்பரையும் ஸ்டெபிலைசர் கம்பியின் ரப்பர் புஷ்ஷையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது

ஒதுங்கி வழிவிடுங்கள், ஒவ்வொரு முறையும். பின்னால் இருப்பவரின் அவசரம் நம் காலில் ஏறி வேகத்தைக் கூட்டிவிடும், மேலே சொன்ன பாதிக் கோளாறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

டயர் அழுத்தம் அதிகமாகக் காட்டுகிறது

காற்றை இறக்காதீர்கள். 100 பிஎஸ்ஐ டயரில் சூடு 10 டிகிரி ஏறினால் 4 பிஎஸ்ஐ அளவுக்குக் கூடும். 2000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கூடுதலாக 3 பிஎஸ்ஐ காட்டும். சூட்டில் இறக்கிவிட்டால் காலையில் ஆறிய டயர் குறைந்த காற்றோடு நிற்கும், குறைந்த காற்றுதான் டயரை வெடிக்க வைக்கும். அளவு பார்ப்பது எப்போதும் காலையில், வண்டி நகரும் முன்.

நிறுத்திய இடத்தில் ஃபிரிட்ஜ் குளிரவில்லை

கேஸில் ஓடும் அப்சார்ப்ஷன் வகை என்றால் வண்டி சாய்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். அதில் திரவம் கீழ்நோக்கி வழிவது புவியீர்ப்பால்தான். ஓடும்போது சரிவு மாறிக்கொண்டே இருப்பதால் தொல்லையில்லை, ஒரே சாய்வில் நிறுத்திப் பல மணி நேரம் ஓடவிட்டால் குளிராது, நாளடைவில் குழாயே கெட்டுப்போகும். வண்டியைச் சமமாக்கிவிட்டுப் போடுங்கள், முடியாத இடத்தில் ஃபிரிட்ஜை அணைத்து வையுங்கள்.